கிராம்பு குத்திய மூன்று சாத்துக்குடிகள்

இதனை எழுதவேண்டிய காரணத்தை முதலில் கூறிவிடுகிறேன். சென்னையை அடுத்த கோவளத்தில் என் தம்பி மணிவண்ணன் கடலுக்கு இரையாகி இம்மார்கழியோடு ஐந்து ஆண்டுகள் நிறைகின்றன. அவன் இறப்பைப் பற்றி எங்கள் தெருவில் ஒரு கதை வழங்குகிறது. வெளிநாட்டிலிருந்து வந்த அண்ணன் மகள் பழத்தில் ஆணி குத்தி வாசலில் தொங்கவிட்டாள். மூன்றாம் நாள் கடல் வந்து அவனைக் கொண்டுபோயிற்று என்பது அக்கதை. அந்த அண்ணன் நான். அந்த மகள் யாழினி. அப்போது அவளுக்குப் பதினாறு வயது.

ஊரார் செய்வினை என்கிறார்கள். யாழினிக்குச் செய்வினையில் நம்பிக்கை இல்லை. ஆயினும், தான் செய்த பழத்தால்தான் சிற்றப்பன் இறந்தான் என்று அவள் நம்பிவந்தாள். அது உண்மையன்று. உண்மையை அறிந்தவன் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை. இவ்விதழ் எங்கள் பகுதியில் படிக்கப்படுவது. ஆகையால் இங்கே எழுதுகிறேன்.

1

செங்கல்பட்டில் தமிழாசிரியனாக இருந்த நான், தொண்ணூற்றொன்றாம் ஆண்டில் சுவீடன் நாட்டின் உப்சாலா நகருக்கு வந்தேன். இங்குள்ள நூலகம் ஒன்றில் கீழைமொழி நூல்களுக்கு அட்டவணை எழுதும் பணி. மூன்றாண்டுப் பணி என்றுதான் வந்தேன். பின்னர்த் துணைவியும் மூன்று வயது யாழினியும் வந்தனர். துணைவிக்கு மருத்துவமனையின் சலவைப் பகுதியில் வேலை கிடைத்தது. மூன்றாண்டு பதினெட்டு ஆண்டாயிற்று.

மார்கழியில் இங்கே பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே இருட்டிவிடும். வீட்டார் சாளரத்தில் விளக்கு வைப்பர். விளக்கருகே சிவப்பு நாடாவில் ஆரஞ்சுப் பழம் ஒன்று தொங்கும். பழத்தின் தோலில் கிராம்பைக் கொண்டை மட்டும் வெளியே தெரியுமாறு நெருக்கமாகக் குத்தியிருப்பார்கள். சிலர் சுருள்வட்டமாக, சிலர் நட்சத்திரமாக. நாள் செல்லச் செல்லப் பழம் சுருங்கி உலர்ந்து இறுகும். மணம் மட்டும் நிற்கும். ஆரஞ்சை வட்ட வட்டமாக அரிந்து அடுப்பின் இளஞ்சூட்டில் உலர்த்தி, பட்டையும் அன்னாசிப்பூவும் சேர்த்து மாலையாகக் கோப்பதும் உண்டு. கிறிஸ்துமசுக்கு இங்கே இதைச் செய்யாத வீடு அரிது. யாழினி இதைப் பள்ளியில் கற்றுவந்து ஆண்டுதோறும் எங்கள் அடுக்களையில் செய்தாள்.

வீட்டில் அவள் தமிழிலேயே பேசவேண்டும் என்பது என் கட்டளை. துணைவி பெரும்பாலும் பணியில் இருந்ததால், அவளுக்குப் பேசிப் பழக என்னையன்றி வேறு தமிழர் அதிகம் இல்லை. ஆகவே அவள் பேசியது முழுக்க என் தமிழ். அது எத்தகையது என்பது கோவளத்தில்தான் எனக்கு விளங்கியது.

2

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு மார்கழியில் நானும் யாழினியும் ஊருக்குச் சென்றோம். துணைவிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. ஆறு ஆண்டுகளுக்குப் பின் செல்கிறோம். யாழினியின் கடவுச்சீட்டு இந்நாட்டினது. தன் தகப்பன் பிறந்த ஊருக்குச் செல்ல அவள் நுழைவிசைவு பெறவேண்டியிருந்தது. படிவத்தில் 'பயணத்தின் நோக்கம்' என்னுமிடத்தில் 'சுற்றுலா' என்று எழுதுமாறு அலுவலர் கூறினார். அவ்வாறே எழுதினோம்.

தம்பிக்குக் கடலோரத்தில் சிறிய கடை. வலைநூல், கயிறு, மிதவை, ஊசி விற்பான். வீடு அதே தெருவில் சற்று உள்ளே. என்னைவிட ஒன்பது ஆண்டு இளையவன், படிப்பில் நாட்டமில்லாதவன், யாரிடமும் சிரித்துப் பேசக்கூடியவன். அவன் மனைவி கஸ்தூரி சமையலிலும் கணக்கிலும் கெட்டிக்காரி. அவர்களுடைய ஒரே மகன் அப்போது வெளியூர்க் கல்லூரியில் இருந்தான்.

வியாழனன்று யாழினி சித்தப்பாவை அழைத்துக்கொண்டு கேளம்பாக்கம் சென்று பழமும் கிராம்பும் வாங்கிவந்தாள். முதலில் வாங்கியது கமலா ஆரஞ்சு. அதன் தோல் சதையோடு ஒட்டாமல் தளர்ந்திருந்தது. கிராம்பைக் குத்தியவுடன் சாறு வழிந்தது. கெட்டுப்போன பழங்களைத் தம்பி ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தான். அதன்பின் அவன் சாத்துக்குடி வாங்கி வந்தான். அதன் தோல் இறுக்கமானது. கடையிலிருந்து கோணி தைக்கும் ஊசி ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தான். அவ்வூசியால் தோலில் துளையிட்டு, துளைதோறும் ஒரு கிராம்பை அழுத்துவது முறை. முற்றத்தில் அமர்ந்து அவள் குத்துவதைத் தெருவில் போவோர் வருவோர் நின்று பார்த்தனர். கைக்குச் சிவப்பு நாடா கிடைக்கவில்லை. கடையின் சிவப்பு நைலான் நூலையே முறுக்கிக் கட்டினாள்.

கமலாப்பழத்தில் எஞ்சிய சிலவற்றை வட்டமாக அரிந்து, என் பழைய வேட்டியை மொட்டைமாடியில் விரித்து அதன்மேல் உலர்த்தினாள். காகங்கள் பாதியைத் தூக்கிச் சென்றன.

தம்பி கேட்டான்: "இன்னாமா இது, ஆரஞ்சுல வத்தல் போடுறியா? மோர்மொளகா மாதிரி பொரிச்சித் துன்னலாமா?"

"உண்பதற்கன்று, சித்தப்பா. மணத்துக்காக."

"உண்பதற்கன்று!" அவன் தொடையைத் தட்டிச் சிரித்தான். "அண்ணாத்த, கொயந்தய எங்க வெச்சி வளத்த? சுவீடன்லயா, ஸ்கூல் பீரோக்குள்ளயா? கோர்ட்டுல ஜட்ஜு பேசுற மாதிரி பேசுது!"

யாழினி சினம் கொள்ளவில்லை. "தங்கள் பெயரின் முதலெழுத்தைக் கிராம்பால் எழுதித் தருகிறேன்" என்றாள்.

"எயுது, எயுது. நான் எயுதுனாலே கோணலா பூடும். நீயாச்சும் ஒயுங்கா எயுது."

அவள் ஒரு பழத்தில் 'ம' எழுதினாள். இன்னொன்றில் சித்திக்கு 'க'. மூன்றாவதில் எழுத்தில்லை, வீட்டுக்கென்று சுருள்வட்டம். தமிழ் எழுத்தின் வளைவுகளைக் கிராம்பால் அமைப்பது எளிதன்று. அந்த ஒரு 'ம'வுக்கு அவள் ஒரு முழு முற்பகலைச் செலவிட்டாள். தம்பி அதை வாங்கி முகர்ந்து, "இத்த கடயில தொங்கவுட்டா கருவாட்டு நாத்தமே பூடும்" என்றான். வெள்ளியன்று மூன்று பழங்களையும் வாசற்காலில் வரிசையாகத் தொங்கவிட்டாள்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டைக் கெடுக்க நினைப்பவர் எலுமிச்சையில் ஊசியோ ஆணியோ குத்தி, கெடுக்கப்பட வேண்டியவர் பெயரெழுதி, சிவப்பு நூல் சுற்றி வாசலில் போடுவர் என்பது பேச்சு. சிறு வயதில் நானே அத்தகைய பழம் கிடந்த வீட்டைச் சுற்றிக்கொண்டு நடந்திருக்கிறேன். பழுத்த சாத்துக்குடி எலுமிச்சையின் நிறம். கிராம்பு ஆணியின் வடிவம். இவ்வளவும் என் கண்முன் தொங்கின. எனக்குத் தோன்றவில்லை.

3

சனிக்கிழமை கிறிஸ்துமஸ். தம்பி யாழினியைப் படகு காட்ட முட்டுக்காட்டுக்கு அழைத்துச் சென்றிருந்தான். நான் கூடத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டு ரோசி கேக்குத் தட்டுடன் வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா கஸ்தூரி, வாசக்கால்ல இன்னா தொங்குது?"

"கிறிஸ்துமசுக்குக் கட்டுவாங்களாம் அக்கா. பெரியவரு பொண்ணு கட்டிச்சி."

"கிறிஸ்துமசுக்கா? நாங்க ஸ்டாரு கட்டுவோம், குடில் வெப்போம், கேக்கு சுடுவோம். பயத்துல ஆணி குத்தி, பேரு எயுதி, செவப்புக் கயிறு கட்டறது எங்க வூட்ல கெடயாதும்மா. இந்த ஊர்ல எந்த வேதக்காரங்க வூட்லயும் கெடயாது."

"அது ஆணியில்லக்கா, லவங்கம்."

"லவங்கம்னா பிரியாணில போடு. வாசல்ல ஏன் தொங்குது? அதுவும் உன் வூட்டுக்காரு பேரு போட்டு?"

ரோசி தீய எண்ணத்தோடு பேசியவர் அல்லர்; அஞ்சிப் பேசினார். நான் எழுந்து சென்று இரண்டு வரியில் விளக்கியிருக்கலாம். பெண்கள் பேச்சு என்று தாளைத் திருப்பினேன்.

ஞாயிறு காலை. யாழினி மாடியில் உறங்கிக்கொண்டிருந்தாள். கஸ்தூரி பழங்களைக் கைபடாமல் துடைப்பக்குச்சியால் எடுத்து ஒரு மஞ்சள் துணிப்பையில் போட்டுத் தம்பியிடம் நீட்டினாள்.

"இத்தக் கடல்ல போட்டுட்டு வா."

"கொயந்த ஆசயா செஞ்சது. சாயந்திரம் பாத்துக்கலாம். இரு, நாஸ்தா துன்னுட்டுக் கடைக்குப் போவணும்."

"ராவெல்லாம் கண்ணு மூடல நானு. உன் பேரு போட்டு கீதுய்யா அதுல!"

"இன்னாடி பேஜாரா பூச்சி!" என்றவன் என் பக்கம் திரும்பினான். "அண்ணாத்த, நீ படிச்சவன். நீ சொல்லு. போட்டுட்டு வரட்டா, வாணாவா?"

இதற்கு நான் கூறிய விடையை எழுதவே இத்தனையும் எழுதினேன்.

"கொண்டுபோய்ப் போட்டுவிடு மணி. அவளுக்கு மனம் அமைதியாகும்" என்றேன்.

நான் இவற்றை நம்புபவன் அல்லன். அது திருநாள் அலங்காரப் பொருள் என்று அவ்வீட்டில் உறுதியாக அறிந்திருந்தவன், மாடியில் உறங்கிய மகளையன்றி, நான் ஒருவனே. காலையில் பூசல் வேண்டாம் என்று நினைத்தேன். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. மகள் எழுந்து கேட்டால் ஏதேனும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

அவன் செருப்பை மாட்டும்போது, விளையாட்டாக மேலும் ஒன்று சொன்னேன்: "போட்டபின் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். அதுதான் முறை."

"சரி நைனா, பாக்கல" என்று சிரித்துக்கொண்டே சென்றான்.

நான் நாளிதழின் அடுத்த பக்கத்திற்குச் சென்றேன். தெருவில் ஓட்டமும் கூச்சலும் கேட்டபோது அந்தப் பக்கத்தை இன்னும் முடித்திருக்கவில்லை. கஸ்தூரியையும் என்னையும் யாரோ மாடிக்குத் தள்ளினார்கள். யாழினி மாடியில் நின்று, தெருவில் ஏறிய கடல்நீரில் படகு வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

4

திங்கள் நண்பகல், கவிழ்ந்த படகுகளுக்கும் வலைக்குவியலுக்கும் இடையில் அவனைக் கண்டெடுத்தனர். பை கிடைக்கவில்லை.

இறப்பைப் பதியப் பள்ளிக்கட்டடத்தில் வரிசை நின்றது. கிராம நிர்வாக அலுவலர் மூன்று நாள் உறங்காத முகத்தோடு அமர்ந்திருந்தார். ஒவ்வொருவரிடமும் அதே கேள்விகளைக் கேட்டார்.

"மீன்பிடி தொழிலா சார்?"

"இல்லை. கடை வைத்திருந்தான்."

"அந்த நேரத்துல கடற்கரைக்கு ஏன் போனாரு?"

கஸ்தூரி என் பக்கத்தில் அமர்ந்திருந்தாள். "காலை நடைப்பயிற்சி" என்றேன். அவர் அதை அவ்வாறே எழுதிக்கொண்டார். என் தம்பி தன் நாற்பத்தெட்டு ஆண்டுகளில் பயிற்சிக்கென ஒரு நாளும் நடந்தவன் அல்லன். கஸ்தூரி என்னை ஒருமுறை பார்த்தாள்.

ஐந்தாம் நாள், பெண்கள் கூடி அழுத இடத்தில், கஸ்தூரி யாழினியைக் கண்டாள். "ஆணி குத்தித் தொங்கவுட்டியேடி, எம் புருசன் பேரத் தொங்கவுட்டியேடி" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். பெண்கள் அனைவரும் யாழினியைத் திரும்பிப் பார்த்தனர். அக்கதை அங்கே பிறந்தது. நான் வாசலில் ஆண்களோடு நின்றேன். ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

வானூர்தி நிலையத்திற்குச் செல்லும் வழியில் யாழினி கேட்டாள்: "அப்பா, சித்தப்பா எதற்காகக் கடற்கரைக்குச் சென்றார்?"

"நடப்பதற்கு."

"நீர் வாசற்கால் உயரம் ஏறவில்லை. ஆயினும் அங்கே பழங்கள் இல்லையே."

நான் பைக்குள் கடவுச்சீட்டுகளைத் தேடினேன். அதன்பின் அவள் கேட்கவில்லை. கேட்காமலிருந்து என்னைக் காப்பதாக அவளும், சொல்லாமலிருந்து அவளைக் காப்பதாக நானும் நினைத்துக்கொண்டோம் போலும்.

5

உப்சாலாவில் வாழ்க்கை முன்போலவே சென்றது. நான் அட்டவணை எழுதினேன். யாழினி வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்தினாள். கேட்டதற்குச் சுவீடிய மொழியில் விடை கூறினாள். நான் கட்டளையை வலியுறுத்தவில்லை. துணைவி குழம்பில் கிராம்பு போடுவதை நிறுத்தினாள். யாரும் சொல்லவில்லை, தானாகவே. மார்கழியில் தெருவில் நடக்கும்போது மகள் சாளரங்களைப் பாராமல் நடந்தாள். அவளுடைய பள்ளியில் உளநல ஆலோசகர் எங்களை அழைத்தார். என் அரைகுறை மொழியில் பழத்தைப் பற்றி விளக்க முயன்றேன். எங்கள் ஊரில் அது கெட்ட அலங்காரம் என்று மட்டும் சொல்ல இயன்றது. அவர் தலையசைத்து, பண்பாட்டு வேறுபாடு என்று எழுதிக் கோப்பை மூடினார். நான் காப்பி குடித்துக்கொண்டே 'போ' என்றதை எம்மொழியிலும் சொல்லவில்லை. பின்னர் அவள் வேறொரு நகருக்குப் படிக்கச் சென்றுவிட்டாள். இப்போது இருபத்தொரு வயது. திங்களுக்கு ஒருமுறை தொலைபேசுவாள். வானிலை பற்றிப் பேசுவோம்.

இவ்வாண்டு மார்கழித் தொடக்கத்தில் எங்கள் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் அனைவரும் சேர்ந்து ஆரஞ்சுப் பழ அணிகள் செய்வதாக அறிவிப்பு ஒட்டியிருந்தனர். பதினெட்டு ஆண்டில் முதன்முறையாக நான் சென்றேன். ஏன் சென்றேன் என்று தெரியவில்லை. துணைவி பணியில் இருந்தாள். வீடு அமைதியாக இருந்தது.

கீழ்த்தளத்து மூதாட்டி ஒருவர் எனக்கு ஒரு பழமும் ஒரு கிண்ணம் கிராம்பும் தந்தார். குத்தத் தொடங்கினேன். ஐம்பது கிராம்புக்குப் பிறகு கட்டைவிரலில் உணர்ச்சியில்லை. ஊர்ப்பழக்கத்தில் ஒன்றை வாயில் போட்டுக் கடித்தேன், நாவும் மரத்தது. ஒரு துயரமும் தோன்றவில்லை. வரிசை கோணாமல் இருக்கவேண்டும் என்பதிலேயே கருத்தாக இருந்தேன்.

"உங்கள் நாட்டிலும் இதைச் செய்வதுண்டா?" என்று மூதாட்டி கேட்டார்.

"இல்லை. என் மகள் அங்கே ஒருமுறை செய்தாள்."

"யாருக்காக?"

"என் தம்பிக்காக."

"அவருக்குப் பிடித்திருந்ததா?"

அந்தப் பழத்தைப் பற்றி ஐந்து ஆண்டில் யார் யாரோ கேட்ட கேள்விகளுள் இது இல்லை. "பிடித்திருந்தது. முகர்ந்து பார்த்தான்" என்றேன். பழத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவந்தேன்.

6

மறுநாள் யாழினியைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைக் கூறினேன். நான் தமிழில் பேசினேன். அவள் தன் மொழியில்.

"போகட்டுமா என்று அவர் உங்களைக் கேட்டாரா?"

"கேட்டான்."

"நீங்கள் போகச் சொன்னீர்களா?"

"ஆம். திரும்பிப் பார்க்காதே என்றும் சொன்னேன்."

பின்பு அவள், "நான் தவறு செய்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அதனால் வெறுத்து எறியப் போனார் என்று நினைத்திருந்தேன்" என்றாள்.

"இல்லை. அவன் போக விரும்பவில்லை. கொயந்த ஆசயா செஞ்சது, சாயந்திரம் பாத்துக்கலாம் என்றுதான் சொன்னான்."

அவ்வரியை மீண்டும் சொல்லச் சொன்னாள். அவன் சொன்னபடியே மீண்டும் சொன்னேன். தொலைபேசியை வைத்துவிட்டாள். இன்றோடு ஒன்பது நாள். அவள் அழைக்கவில்லை, நானும் அழைக்கவில்லை. அழைக்கும் உரிமை இப்போது அவளுடையது.

அடுத்துக் கஸ்தூரியை அழைத்தேன். கடையும் வீடும் விட்டு, இப்போது படூரில் மகனுடைய அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். மகன் கணினி அலுவலகமொன்றில் வேலை பார்க்கிறான்.

"கஸ்தூரி, அன்று மணியைக் கடலுக்குப் போகச் சொன்னவன் நான்" என்றேன்.

"தெரியும் மாமா."

"தெரியுமா?"

"நான் அடுப்பாண்டதான நின்னுகினு இருந்தேன். காது கேக்காதா இன்னா?"

"பின் ஏன் குழந்தைமேல் பழி போட்டாய்?"

பின்னணியில் தொலைக்காட்சி ஓடியது. அதை நிறுத்துமாறு அவள் யாரிடமோ சொன்னாள்.

"உங்க மேல சொன்னா அப்பறம் இந்தக் குடும்பத்துக்குப் பெரியவங்கன்னு யாரு கீறாங்க? அன்னிக்குப் பொணத்த எடுக்கணும், ஆபீசுல கையெயுத்துப் போடணும், எல்லாத்துக்கும் நீங்கதான நின்னீங்க. அது கொயந்த. தூரதேசத்துக்குப் பூடும், நம்ம பேச்சு அது காதுல வுயாதுன்னு நெனச்சிட்டேன்."

"விழுந்தது, கஸ்தூரி."

"ம்."

பின்பு அவளே, "அது இப்ப இன்னா படிக்குது?" என்று கேட்டாள். சொன்னேன். தெருவில் எல்லாரும் அறியும்படி எழுதப்போகிறேன் என்றும் சொன்னேன்.

"எயுதுங்க. பைய எடுத்துக் குடுத்தது நானு. அத்தயும் எயுதுங்க. வுட்றாதீங்க" என்றாள்.

அவள் கேட்டபடி அதையும் எழுதிவிட்டேன். ரோசி அக்காளின் பேச்சை ஐந்து ஆண்டு கழித்து நினைவிலிருந்து எழுதியிருக்கிறேன். சொல் மாறியிருந்தால் அவர் திருத்தவேண்டும். பழம் வாங்கிய நாள் வியாழன்தானா, புதனா என்பதிலும் எனக்கு ஐயம் உண்டு. அறிந்தவர் திருத்துக. அன்று காலை கரையில் நின்று உயிர்பிழைத்தவர் சிலரேனும் இவ்விதழைப் படிக்கக்கூடும். கட்டம் போட்ட கைலியும் வெளிர்நீலச் சட்டையும் அணிந்து, கையில் மஞ்சள் துணிப்பையுடன் ஒருவரை அவர்கள் பார்த்திருந்தால், அவர் கடலைப் பார்த்து நின்றாரா, கடலுக்கு முதுகு காட்டி வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தாரா என்பதை எனக்கு எழுதுமாறு வேண்டுகிறேன். எவ்விடையாயினும் அதை இங்கே அப்படியே சேர்ப்பேன்.